சகலையின் பெட்டி சூடாவதில்லை

என் வீட்டுக்காரர் சவரியப்பனைப் பற்றி மத்திகிரியில் யாரைக் கேட்டாலும் நல்லவிதமாகத்தான் சொல்வார்கள். குடிக்க மாட்டார். யார் வம்புக்கும் போக மாட்டார். சிப்காட்டில் ஒரு கம்பெனியில் மெயின்டனன்ஸ் வேலை. ஓடுகிற மெஷின் பக்கத்தில் தலையைச் சாய்த்து நின்றுவிட்டு, "இந்த பேரிங் இந்த வாரம் தாங்காது" என்று சொன்னால் அது தாங்காது. காது அப்படி. ஆனால் கூடவே குடித்தனம் நடத்துகிறவளுக்குத்தான் தெரியும், இந்த மனுஷனுக்குப் பொறாமை என்பது சாப்பாட்டில் உப்பு மாதிரி. அது இல்லாமல் ஒரு வேளையும் உள்ளே இறங்காது.

எதிர்வீட்டுக்காரன் பைக் நம் பைக்கை விடக் கூடுதலாக மைலேஜ் கொடுத்தால் இவருக்குத் தூக்கம் வராது. கூட வேலை செய்கிறவன் பையனுக்கு பர்கூர் இன்ஜினியரிங் காலேஜில் இடம் கிடைத்த அன்று, நமக்குப் பிள்ளை இல்லை என்பதையே மறந்துவிட்டு, "நம்மளும் அங்க சேத்திருக்கலாம்" என்றார். யாரைச் சேர்ப்பது, என்னையா?

இதையெல்லாம் நான் சிரித்துக்கொண்டே கடந்துவிடுவேன். கடக்க முடியாமல் போனது ஆம்ப்ளிஃபயர் விஷயத்தில்தான்.

அவருக்கு இருக்கிற ஒரே கிறுக்கு அது. எங்கள் வாடகை வீட்டில் ஒரு ஹால், ஒரு சமையலறை. கட்டிலுக்கு அடியில் துணி வைக்க இடம் கிடையாது. டிரான்ஸ்ஃபார்மரும் கண்டன்சரும் டிரான்சிஸ்டரும்தான் அங்கே குடியிருக்கின்றன. பெங்களூர் எஸ்.பி. ரோட்டுக்குப் போனால் மற்ற பெண்டாட்டிகளுக்குச் சேலை வரும், எனக்கு ரெசிஸ்டர் வரும். அதிலும் எனக்கு வேலை உண்டு. கல்யாணத்துக்கு முன்பு நான் போர்டு அசெம்பிளி கம்பெனி ஒன்றில் சால்டரிங் லைனில் இருந்தவள். அவர் ஈயம் வைத்தால் கோழி எச்சம் மாதிரி இருக்கும். அதனால் சர்க்யூட் அவருடையது, சால்டரிங் என்னுடையது. இப்படித்தான் எங்கள் தாம்பத்தியம் ஓடுகிறது.

கதை புரிய வேண்டுமானால் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். ஆம்ப்ளிஃபயரின் கடைசியில் இரண்டு பெரிய டிரான்சிஸ்டர்கள் மாற்றி மாற்றி வேலை செய்கின்றன. ஒன்று தள்ளும், இன்னொன்று இழுக்கும். எங்கள் ஊர் கம்பெனியில் ஷிப்ட் மாறுவதைப் போலத்தான். முதல் ஷிப்ட்காரன் மணி அடித்த கையோடு கிளம்பிவிட்டால், அடுத்த ஆள் வந்து நிற்கும்வரை மெஷின் சும்மா கிடக்கும். அந்த இடைவெளியில்தான் சத்தம் பிசிறடிக்கும். உரக்கப் பாடினால் தெரியாது. மெதுவாகப் பாடும்போது சோற்றில் மண் கடிபட்ட மாதிரி கரகரக்கும். அதனால் இரண்டு பேரையும் கொஞ்ச நேரம் சேர்ந்தே நிற்க வைக்க வேண்டும். இரண்டு பேர் நின்றால் இரண்டு பேருக்கும் கூலி உண்டு. ஆம்ப்ளிஃபயரில் அந்தக் கூலியின் பெயர் சூடு. பாடாமல் சும்மா இருக்கும்போதும் பெட்டி சுடும். அந்தச் சூடு வெளியே போவதற்குத்தான் பின்பக்கம் ஹீட்சிங்க் என்று வரிவரியாகத் தகடு வைத்த ஒரு பெரிய அலுமினியக் கட்டி.

சவரியப்பனுக்குக் காது முக்கியம். அதனால் அவர் பெட்டிகள் எல்லாம் நன்றாகச் சுடும்.

எங்கள் கோயிலில் பல வருஷமாக ஓடிக்கொண்டிருந்தது அவர் செய்த பெட்டிதான். எங்கள் கோயிலில் ஃபேன் முதல் நாற்காலி வரைக்கும் யார் கொடுத்தார்களோ அவர்கள் பெயரைப் பெயிண்டில் எழுதிவிடுவது வழக்கம். டியூப்லைட்டின் வெளிச்சத்தை விட அதில் எழுதிய பெயர் பெரிதாக இருக்கும். நான் பாடுகிற பாடகர் குழுவுக்குப் பக்கத்தில் இருந்த அந்தப் பெட்டியிலும் "அன்பளிப்பு: சவரியப்பன் – மேரிராணி குடும்பம்" என்று நீலத்தில் எழுதியிருந்தது. நற்கருணை வாங்க வரிசையில் வருகிறவர்கள் எல்லோரும் அதைப் பார்த்துக்கொண்டே வர வேண்டும். அவருக்கு அது ஒரு தனி சந்தோஷம். பொய் சொல்வானேன், எனக்கும்தான்.

கோயிலைப் புதுப்பித்து டைல்ஸ் போட்டார்கள். பழைய பெட்டி உறுமத் தொடங்கியிருந்தது. "புதுசு ஒண்ணு வச்சிடலாம், சவரி" என்றார் ஃபாதர். இவர் அன்றைக்கே எஸ்.பி. ரோடு பஸ் ஏறிவிட்டார். சாமான் வாங்கி வந்து புதுப் பெட்டியும் செய்து முடித்தார். அப்போதுதான் குறுக்கே வந்து நின்றார் வெஸ்லின்.

வெஸ்லின் என் தங்கை பெனிஷாவின் வீட்டுக்காரர். அதாவது இவருக்குச் சகலை. பர்கூர் பக்கம். சூளகிரி ரோட்டில் ஒரு அட்டைப்பெட்டி கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்க்கிறார். அவர்கள் வீட்டில் வேறு சபை. கல்யாணத்துக்குப் பிறகுதான் எங்கள் கோயிலுக்கு வரத் தொடங்கினார். நல்ல பையன், சிரித்த முகம். அவருக்கும் இதே கிறுக்கு என்பது எங்களுக்குத் தெரியாது. வீடியோ பார்த்து, வாட்ஸப் குரூப்பில் நாலு பேரைக் கேட்டு, தானாகவே ஒரு ஆம்ப்ளிஃபயர் செய்து முடித்திருக்கிறார். அதைக் கேட்க ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்களைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார்கள். கிருஷ்ணகிரியிலிருந்து அம்மாவும் வந்திருந்தாள்.

கறிச்சோறு முடிந்ததும் பெட்டியைப் போட்டார்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் பாடியது. நன்றாகத்தான் இருந்தது. இவர் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்த்தால் சிரித்துவிடுவேன். அப்போது அம்மா எழுந்துபோய் பெட்டியின் பின்பக்கம் உள்ளங்கையை வைத்தாள். ஆம்ப்ளிஃபயர் செய்கிறவர்கள் வீட்டில் இது ஒரு பழக்கம். காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொடுகிற மாதிரி, போகிறவர் வருகிறவர் எல்லாம் ஹீட்சிங்கைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஒரு தீர்ப்புச் சொல்வார்கள்.

"அய்யோ, பானைத் தண்ணி மாதிரி ஜில்லுன்னு இருக்குது!" என்றாள் அம்மா. "உன் வீட்டுல இருக்கறது தோசக்கல்லுடி, ராணி. ரெண்டு தோச ஊத்தி எடுத்துடலாம்."

எல்லோரும் சிரித்தார்கள். பெனிஷா கொஞ்சம் அதிகமாகவே சிரித்தாள். "மாமா, கோச்சிக்காதீங்க. அது தோசக்கல்லுன்னா இது ஃபிரிட்ஜு" என்றாள்.

இவர் எழுந்துபோய்த் தானும் கை வைத்துப் பார்த்தார். கையை எடுக்கவே இல்லை. எடுத்தபோது முகம் செத்திருந்தது. "எப்படி தம்பி?" என்று மட்டும் கேட்டார்.

"எப்பிடின்னு கேட்டா... பாத்துப் பாத்து செஞ்சேன், அண்ணா" என்றார் வெஸ்லின். கர்வம் எல்லாம் இல்லை. அவருக்கே காரணம் தெரியாது என்பது பிறகுதான் தெரிந்தது.

சாப்பாட்டுக்கு வந்திருந்த பாடகர் குழுத் தலைவர் அங்கேயே ஆரம்பித்துவிட்டார். கோயிலுக்கு இதையே வைத்தால் என்ன? தீப்பிடிக்கிற பயம் இல்லை, பிள்ளைகள் தொட்டாலும் பரவாயில்லை. விஷயம் ஃபாதர் காதுக்குப் போனது. அவர் யார் மனசும் நோகக் கூடாது என்று பார்க்கிறவர். ஒரு ஞாயிறு சவரியப்பன் பெட்டி, அடுத்த ஞாயிறு வெஸ்லின் பெட்டி, எது நன்றாக இருக்கிறதோ அதை வைத்துக்கொள்ளலாம், அவர்கள் பெயரை எழுதிவிடலாம் என்று சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து வீட்டில் நிம்மதி போனது. சாப்பிடும்போது, "எப்படிடீ ஜில்லுன்னு இருக்கும்?" என்பார். பல் தேய்க்கும்போது நுரையோடு வந்து, "அவ்ளோ சத்தத்துக்கு எப்படிச் சுடாம இருக்கும்?" என்பார். வெஸ்லின் குரூப்பில் பெட்டியின் போட்டோவைப் போட்டிருந்தார். அதற்கு எத்தனை பேர் கட்டைவிரல் காட்டியிருக்கிறார்கள் என்று இவர் தினமும் எண்ணிப் பார்த்தார். எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. கோபம் அவர் மேல் பாதி, பெனிஷா மேல் பாதி. சின்ன வயசிலிருந்தே அவளுக்கு எது வந்தாலும் கொஞ்சம் அலுங்காமல் வரும். நான் லைனில் நின்று கண்ணைக் கெடுத்துக்கொண்டேன், அவள் காலேஜ் போனாள். என் வீட்டுப் பெட்டி சுடும், அவள் வீட்டுப் பெட்டி ஜில்லென்று இருக்கும். இருக்கட்டும்.

முதல் ஞாயிறு எங்களுடையது. அதற்கு முந்தின வியாழக்கிழமை இவர் செய்த காரியத்தை நான் கண்ணால் பார்த்தேன். புதுப் பெட்டியின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு, சின்ன ஸ்க்ரூ டிரைவரால் பிரீசெட்டைத் திருப்பினார். ஷிப்ட் மாறும்போது எத்தனை நேரம் இரண்டு பேரும் சேர்ந்து நிற்க வேண்டும் என்று முடிவு செய்கிற திருகு அதுதான். குறைத்தார். கை வைத்துப் பார்த்தார். இன்னும் குறைத்தார். கடைசியில் ஹீட்சிங்க் ஜில்லென்று ஆனது. சின்னப் பிள்ளை மாதிரி என் கையைப் பிடித்து இழுத்துப்போய் அதன் மேல் வைத்தார்.

"ஃபிரிட்ஜு!" என்றார்.

நான் மைக்கை எடுத்து மெதுவாக ஒரு அடி பாடினேன். என் குரலா அது? தொண்டையில் சளி கட்டிய மாதிரி கரகரத்தது.

"என்னாங்க இது, பிசிறடிக்குது?"

"எங்க பிசிறடிக்குது? உனக்குக் காது சரியில்ல."

"எனக்கா? பேரிங் சத்தம் கேக்கற உங்களுக்கு இது கேக்கலையா?"

"கொஞ்சம் சத்தமாப் பாடு, சரியாயிடும்."

"பதிலுரைப் பாடலைக் கத்திக்கினு பாடச் சொல்றீங்களா? ஏலம் போடறேனா நானு?"

பக்கத்து போர்ஷனிலிருந்து வீட்டு ஓனர் திம்மராயன் எட்டிப் பார்த்தார். தளி பக்கத்து மனுஷர், கோபம் வந்தால் கன்னடம் வரும். "ஏனப்பா சவரி, ஸ்வல்ப கம்மி மாடு" என்றார், கொஞ்சம் குறை என்று. அவர் ஆம்ப்ளிஃபயரைச் சொன்னாரா எங்களைச் சொன்னாரா என்று தெரியவில்லை. இரண்டையும் குறைத்தோம்.

அவருக்குக் கேட்டிருந்தது. கேட்காமல் இருக்குமா? ஆனால் அம்மா வைத்த தோசைக்கல் பெயர் அந்தக் காதுக்குள் இருந்தது. வேறு எதுவும் உள்ளே போக இடமில்லை.

ஞாயிற்றுக்கிழமை நடந்தது நடந்தது. உரக்கப் பாடும் பாட்டெல்லாம் ஒப்பேறியது. முதல் வாசகம் முடிந்ததும் நான் தனியாக நின்று பதிலுரைப் பாடலை எடுத்தேன். மெதுவான இடம் வந்ததும் வார்த்தைகள் உடைந்து உடைந்து விழுந்தன. முன்வரிசையில் இருந்தவர்கள் ஸ்பீக்கரை நிமிர்ந்து பார்த்தார்கள். பூசை முடிந்ததும் குழுத் தலைவர் பின்பக்கம் போய்க் கை வைத்துவிட்டு, "ஜில்லுன்னுதான் இருக்குது. ஆனா சத்தம்தான் என்னமோ..." என்று இழுத்தார்.  பெனிஷா வாய்விட்டுச் சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு முந்தானையைச் சரிசெய்தாள்.

அடுத்த சனிக்கிழமை மாலை வெஸ்லின் பெட்டியை வைத்துப் பயிற்சி. தூக்கி வைக்க ஆள் வேண்டும் என்று இவரும் வந்தார். வந்தது தூக்கி வைக்க அல்ல, வேவு பார்க்க. அது எனக்கும் தெரியும், வெஸ்லினுக்கும் தெரியும்.

நான் அதே பாடலைப் பாடினேன். எப்படிச் சொல்வது? என் மூச்சுக்கூடக் கேட்டது. வார்த்தை முடிகிற இடத்தில் இழுத்து விடும் சின்ன அசைவு, நானே இதுவரை கேட்டதில்லை, அது கடைசி ஜன்னல்வரை போய்த் திரும்பி வந்தது. வாய் சும்மா இருக்குமா?

"இந்தப் பெட்டியில பாடினா என் குரலு எனக்கே புடிக்குது" என்று சொல்லிவிட்டேன்.

இவர் ஸ்பீக்கருக்குக் கீழே நின்றிருந்தார். கேட்டுவிட்டார். பல வருஷமாக அவர் பெட்டியில் பாடியிருக்கிறேன். "நல்லா இருக்குது" என்று சொல்லியிருக்கிறேன். இந்த வார்த்தையை ஒரு நாளும் சொன்னதில்லை. அந்த நிமிஷம் அவர் வெஸ்லின் மேல் பொறாமைப்பட்டாரா, பெட்டி மேல் பொறாமைப்பட்டாரா, என் வாய் மேல் பொறாமைப்பட்டாரா என்று பிரித்துச் சொல்ல முடியாது. கண் சிவந்துவிட்டது.

 பயிற்சி முடிந்ததும் இவர் போய் ஹீட்சிங்கில் உள்ளங்கையை வைத்தார். ஜில்லென்றுதான் இருந்தது. "மூடியக் கொஞ்சம் தொறக்கட்டுமா, தம்பி?" என்று கேட்டுத் திறந்தார். உள்ளே விரலை விட்டு அந்தப் பெரிய டிரான்சிஸ்டரையே தொட்டார். சுரீரென்று கையை இழுத்துக்கொண்டார்.

"தம்பி, இது நாளைக்குப் போயிடும்" என்றார்.

"என்னாண்ணா சொல்றீங்க?"

"உள்ள கொதிக்குது. சூடு வெளிய வரல. நாளைக்கு ரெண்டு மணி நேரம், கூட்டம், இந்த வெயிலு... தாங்காது. ஒரு நாள் குடு, கழட்டிப் பாத்துடலாம்."

வெஸ்லின் சிரித்தார். நல்ல மனசோடுதான் சிரித்தார். "அண்ணா, ஒரு மாசமா வீட்ல ஓடுது. ஒண்ணும் ஆவல."

பெனிஷாவுக்கு அத்தனை நல்ல மனசு இல்லை. "நாளைக்கு எங்க முறைங்கறப்ப இன்னிக்குக் கழட்டணுமா? ஏன் மாமா இப்படி வயிறெரியறீங்க?" என்று முகத்துக்கு நேரே கேட்டாள்.

வீட்டுக்குத் திரும்பும்போது நானும் அதையேதான் சொன்னேன். "பொறாமைய அவங்க முன்னாடியா காட்டறது?"

"பொறாமதான், இல்லைன்னு சொல்லலியே" என்றார். "அதனாலதான் சொல்லாம வந்துடலாம்னு பாத்தேன். முடியல. ஸ்பீக்கரும் சேந்து போயிடும், ராணி."

நான் நம்பவில்லை. பைக் மைலேஜுக்குத் தூங்காத மனுஷன். இவர் சொன்னால் யார் நம்புவார்கள்?

ஞாயிற்றுக்கிழமை கோயில் நிரம்பியிருந்தது. புது ஃபேன்கள் ஓடியும் புழுக்கம். முதல் பாடல் அருமை, வாசகம் அருமை. நான் பதிலுரைப் பாடலின் இரண்டாவது கண்ணியை எடுத்தேன். ஸ்பீக்கரில் "டொம்" என்று ஒரு அடி. அதோடு மாடு கத்துவதைப் போல ஒரு உறுமல், கருகல் நாற்றம். யாரோ ஓடிப்போய் மெயினை அணைத்தார்கள். ஃபேன்களும் நின்றுவிட்டன. அந்த அமைதியில் பெனிஷாவின் குரல் எல்லோருக்கும் கேட்டது.

"நேத்து மூடியத் தொறந்து கைய உட்டது யாரு? கேளுங்க!"

எல்லோரும் இவரைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். அவர் மற்ற யாரையும் பார்க்கவில்லை, நேராக என்னைத்தான் பார்த்தார். நான் எப்படிப் பார்த்தேன் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது.

மீதிப் பூசை மைக் இல்லாமல் முடிந்தது. முடிந்ததும் பெட்டியை வராந்தாவுக்குத் தூக்கி வந்தார்கள். ஃபாதரும் வந்து நின்றார். இவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "நான் தொட மாட்டேன். நீயே கழட்டு, தம்பி" என்றார். வெஸ்லின் கழற்றினார். டிரான்சிஸ்டருக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவில் மெல்லிய மைக்காத் தகடு இருக்க வேண்டும், இரண்டு பக்கமும் வெள்ளை பேஸ்ட் பூசியிருக்க வேண்டும். அப்போதுதான் கரண்ட் ஹீட்சிங்குக்குப் போகாது, சூடு மட்டும் போகும். அங்கே இருந்தது பச்சை நிறத்தில் உருகி ஒட்டிய பிளாஸ்டிக்.

"இது என்னோட ஃபைல் கவரு" என்றாள் பெனிஷா மெதுவாக.

வெஸ்லின் முகம் வெளுத்துவிட்டது. "மைக்கா டைட் பண்ணா ஒடிஞ்சி ஒடிஞ்சிப் போச்சுண்ணா. அதான் இத வெட்டி வச்சேன். ஒண்ணு வச்சப்ப லேசா சூடு இருந்துச்சு. ரெண்டா மடிச்சு வச்சேன், ஜில்லுன்னு ஆயிடுச்சு. ரொம்ப நல்லா வேலை செய்யுதுன்னு நெனச்சிட்டேன்."

சூடு வெளியே போக வழியில்லை. இதில் இன்னொரு கூத்து. ஹீட்சிங்கின் மேல் ஒரு சின்ன டிரான்சிஸ்டர் காவலுக்கு உட்கார்ந்திருக்கும். ஹீட்சிங்க் சுட்டால் அது கரண்டைக் குறைக்கும். இங்கே ஹீட்சிங்க் ஜில்லென்று இருந்ததால் காவல்காரன் நிம்மதியாக உட்கார்ந்திருந்தான். உள்ளே பெரியது சூடாகச் சூடாக இன்னும் அதிகமாக இழுத்து, இன்னும் சூடாகி, வெந்தே போய்விட்டது.

இவர் அந்தப் பச்சைப் பிளாஸ்டிக்கைக் கையில் வாங்கிப் பார்த்தார். வெற்றிப் பேச்சு பேசப்போகிறார் என்று நினைத்தேன். பேசட்டும், இன்றைக்குப் பேச அவருக்கு உரிமை உண்டு என்றுகூட நினைத்தேன். அவர் சிரிக்கத் தொடங்கினார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "இந்த நோயப் பாத்தா நான் எரிஞ்சேன்? இதப் பாத்தா நல்லா இருந்த என் பெட்டியக் கெடுத்தேன்?" என்றார். வெஸ்லின் படியில் உட்கார்ந்து தலையைக் கவிழ்த்துக்கொண்டார். இவரும் பக்கத்தில் போய் உட்கார்ந்து அவர் தோளில் கையைப் போட்டார்.

வீட்டுக்கு வந்ததும் என்னிடம், "நீ பாத்தத நான் பாத்தேன்" என்றார். அவ்வளவுதான். நான் அன்றைக்கு அவருக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு வைத்தேன். வேறு எப்படி மன்னிப்புக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு விளங்காதது. அவர் தன் பெட்டியின் பிரீசெட்டைப் பழையபடி திருப்பிவிட்டுக் கோயிலில் கொண்டுபோய் வைத்திருக்கலாம். ஃபாதரும் அதைத்தான் சொன்னார். இவர் வெஸ்லினின் கருகிய பெட்டியை வீட்டுக்குத் தூக்கி வந்தார். வெந்துபோனது கடைசி டிரான்சிஸ்டர்கள்தான், முன்னால் இருந்த சர்க்யூட்டுக்கும் ஸ்பீக்கருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அந்த சர்க்யூட்டுக்குப் புது டிரான்சிஸ்டர்கள் போட்டு, தன் பெட்டியிலிருந்து கழற்றிய டிரான்ஸ்ஃபார்மரையும் பெரிய ஹீட்சிங்கையும் அதில் பொருத்தினார். வெஸ்லின் ஷிப்ட் இல்லாத நேரமெல்லாம் வந்து உட்கார்ந்தார். இரண்டு பேரும் மைக்காவை ஏதோ அப்பளம் மாதிரி ஏந்திக்கொண்டு வேலை செய்தார்கள். சால்டரிங் முழுவதும் நான். டீ போட்டதும் நான்.

முடிந்ததும் ஒரு புதன்கிழமை மாலை ஆளில்லாத கோயிலில் வைத்துப் பாடச் சொன்னார். பாடினேன். முன்பு கேட்ட அதே மூச்சு, அதே அசைவு. ஹீட்சிங்கில் கையை வைத்து மெதுவாக மூன்று எண்ணுவதற்குள் எடுத்துவிட வேண்டும். அப்படிச் சுட்டது.

"எப்படி?" என்றார்.

"என் குரலு எனக்கே புடிக்குது" என்றேன்.

"என் பழைய பெட்டிய விடவா?"

விட மாட்டார் என்று தெரியும். எனக்கும் பொய் சொல்ல வராது. "ஆமா" என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு வயரைச் சுருட்டினார்.

அடுத்த ஞாயிறு பாடகர் குழு வரிசைக்குப் போய் நின்ற பிறகுதான் பார்த்தேன். பெட்டியின் நெற்றியில் பெயிண்ட் காயாமல் மின்னிக்கொண்டிருந்தது. "அன்பளிப்பு: வெஸ்லின் – பெனிஷா குடும்பம்."

எனக்கு உச்சந்தலைவரை ஏறிவிட்டது. பூசை முடியும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். வெளியே வந்ததும் கேட்டேன். "யாரு எழுதச் சொன்னது?"

"நான்தான்."

"நம்ம ஹீட்சிங்கு, நம்ம டிரான்ஸ்ஃபார்மரு, என் சால்டரிங்கு, பேரு அவளுக்கா? ரெண்டு பேரையாவது சேத்து எழுதியிருக்கலாம் இல்ல?"

"சத்தம் அவன் சர்க்யூட்டுல இருந்து வருது, ராணி. அதுக்கு மேல என் பேரப் போட்டா, வாராவாரம் அதப் பாத்துப் பாத்து நான் எரிஞ்சிக்கினே கெடக்கணும். பாதிப் பேரு போட்டாலும் அதேதான். அவன் பேருன்னா கண்ண மூடிக்கினு உன் பாட்டக் கேட்டுட்டுப் போயிடுவேன். என்னை எனக்குத் தெரியாதா?"

அப்படியேதான் செய்கிறார். ஒவ்வொரு ஞாயிறும் கடைசி வரிசையில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், கோயில் மணி அடித்தாலும் தெரியாதவர் மாதிரி. பெட்டிக்கு நேராக நின்று பாட வேண்டியவள் நான். பாட்டுப் புத்தகத்தைப் பார் என்றால் கண் அங்கேதான் போகிறது. பெ, னி, ஷா. பெயிண்டர் எழுத்தையாவது கோணலாக எழுதியிருக்கக் கூடாதா? முத்து முத்தாக எழுதி வைத்திருக்கிறான். நற்கருணை வாங்கிக்கொண்டு திரும்பும்போது அவள் அந்தப் பெட்டியை ஒரு பார்வை பார்க்கிறாள் பாருங்கள், எனக்கு வயிறு பற்றி எரிகிறது.

போன வாரம் இரண்டாவது கண்ணியில் சுருதி விட்டுவிட்டேன். பாடத் தொடங்கி இத்தனை வருஷத்தில் எனக்கு நேர்ந்ததில்லை. யாருக்கும் தெரிந்திருக்காது என்று இருந்தேன். மதியம் சோறு போடும்போது இவர் கேட்டார்.

"ரெண்டாவது கண்ணியில என்னாச்சு?"

"அந்தப் பெட்டியிலதான் என்னமோ கோளாறு" என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கேலி இல்லை. அதே நோயில் படுத்தவர் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

"பெட்டி நல்லாத்தான் இருக்குது, ராணி" என்றார்.

நான் ரசத்தை ஊற்றாமல் பாத்திரத்தை அங்கேயே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டேன்.